ராமன் சிதறலைப் பெருக்கும் பிளாஸ்மானிக் மெட்டாபரப்பு: வடிவமைப்பு முதல் அளவீடு வரை முழு வழிகாட்டி

ஒரு திரவத்தின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஃபோட்டான்களில் கிட்டத்தட்ட எல்லாமே வந்த நிறத்திலேயே திரும்பிவிடும். கோடியில் ஒன்றுதான் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வரும். 1928-ல் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான். நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால் அது என்ன மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். அவ்வளவு தெளிவான கைரேகை. ஆனால் ஒளி மிகவும் மங்கல். ஒரு தட்டையான பரப்பில் ஒற்றை மூலக்கூறு அடுக்கு ஒட்டியிருந்தால், அதிலிருந்து வரும் ராமன் ஒளி சாதாரணக் கருவியின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

1974-ல் ஃப்ளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குயிலன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடீன் மூலக்கூறுகளிடமிருந்து வலுவான ராமன் ஒளியைப் பார்த்தார்கள். பரப்பளவு கூடியதால் நிறைய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும் என்றுதான் அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. 1977-ல் ஜான்மேரும் வான் டைனும் ஒரு பக்கம், ஆல்பிரெக்டும் கிரைட்டனும் இன்னொரு பக்கம், அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று காட்டினார்கள். ஒவ்வொரு மூலக்கூறின் சிதறலுமே லட்சம் மடங்கு அளவில் கூடியிருந்தது. இதைத்தான் பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறல், சுருக்கமாக செர்ஸ், என்கிறோம்.

சொரசொரப்பான உலோகத்தில் ஒரு பெரிய குறை உண்டு. ஓர் இடத்தில் கண்ணைப் பறிக்கும் சிக்னல் வரும்; இரண்டு மைக்ரான் தள்ளிப் போனால் ஒன்றும் இருக்காது. மெட்டாபரப்பு வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய உலோக வடிவங்களை வரிசையாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அடுக்கினால், எந்த நிறத்தில் எவ்வளவு பெருக்கம் என்பதை நாமே முடிவு செய்யலாம். இந்தத் துறையில் எல்லோரும் உச்சபட்சப் பெருக்கம் எத்தனை கோடி மடங்கு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பலகையின் எல்லா இடத்திலும் அதே பெருக்கம் கிடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தொடங்கும் முன்: நான்காம் அடுக்கு எங்கிருந்து வருகிறது

தங்கம், வெள்ளி போன்ற உலோகத்தின் சிறு துணுக்கில் ஒளி படும்போது அதன் எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் அசைகின்றன. துணுக்கின் அளவும் வடிவமும் சரியாக அமைந்தால் அந்த அசைவு ஒத்ததிர்வாக மாறி, துணுக்கின் விளிம்பிலும் இரண்டு துணுக்குகளுக்கு நடுவிலும் மின்புலம் பல மடங்கு குவியும். இதுதான் பிளாஸ்மான்.

அங்கே ஒரு மூலக்கூறு இருந்தால் அதற்கு இரண்டு முறை லாபம். உள்ளே வரும் லேசரின் மின்புலம் பத்து மடங்கு கூடினால், ஒளிச்செறிவு நூறு மடங்கு கூடும். அப்புறம் மூலக்கூறு வெளியிடும் ராமன் ஒளிக்கும் அதே உலோக அமைப்பு ஆண்டெனாவாக வேலை செய்து இன்னொரு நூறு மடங்கு தரும். மொத்தம் பத்தாயிரம், அதாவது மின்புலப் பெருக்கத்தின் நான்காம் அடுக்கு (பத்தை நான்கு முறை பெருக்கியது). மின்புலம் 30 மடங்கு என்றால் 8.1 லட்சம், 100 மடங்கு என்றால் பத்துக் கோடி. இதுபோக, மூலக்கூறுக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்னூட்டம் பரிமாறப்படுவதால் வரும் வேதிப் பெருக்கமும் உண்டு. அது வழக்கமாகப் பத்து முதல் நூறு மடங்குக்குள் அடங்கிவிடும். வடிவமைப்பில் நம் கைக்கு வருவது மின்புலப் பெருக்கம்தான்.

நான்காம் அடுக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. உலோகத்தை விட்டு விலகினால் பெருக்கம் செங்குத்தாகச் சரியும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேல் 2.5 நானோமீட்டர் தள்ளி ஒரு மூலக்கூறு அடுக்கு இருந்தால், அதிலிருந்து கிடைப்பது பரப்பிலேயே இருக்கும் அடுக்கிலிருந்து கிடைப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். மூலக்கூறு உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மெட்டாபரப்பும் அதற்கு உதவாது.

படி 1: லேசரையும் உலோகத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

உலோகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, ஆய்வகத்தில் இருக்கும் லேசரைப் பிறகு பார்ப்பது பலர் செய்யும் தவறு. இரண்டும் ஒரே முடிவு.

தங்கத்தில் ஏறத்தாழ 520 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை எலக்ட்ரான்கள் வேறு ஆற்றல் மட்டத்துக்குத் தாவி விழுங்கிவிடும். அதனால் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும் 532 நானோமீட்டர் லேசரோடு தங்கம் சரிப்படாது. 633 அல்லது 785 நன்றாகப் பொருந்தும். வெள்ளிக்கு இந்த எல்லை புற ஊதாவில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதிலும் இழப்பு குறைவு, பெருக்கம் அதிகம். ஆனால் காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி சில வாரங்களிலேயே கறுக்கத் தொடங்கும். அலுமினியம் புற ஊதா லேசருக்கு நல்லது. முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை தங்கமும் 785-ம். பெருக்கம் கொஞ்சம் குறைந்தாலும், இன்று எடுத்த அளவும் அடுத்த மாதம் எடுக்கும் அளவும் ஒத்துப்போகும். உயிரியல் மாதிரிகளின் ஒளிர்வுத் தொல்லையும் 785-ல் மிகக் குறைவு.

அடுத்து, ராமன் ஒளி எந்த அலைநீளத்தில் வரும் என்று கணக்குப் போடுங்கள். 785 நானோமீட்டர் லேசரின் அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 12,739 செ.மீ⁻¹. உங்கள் மூலக்கூறின் அதிர்வு 1000 செ.மீ⁻¹ என்றால் மீதி 11,739. அதாவது 852 நானோமீட்டர். 1600 என்றால் 898. ஆக ஒத்ததிர்வு 785-ல் மட்டும் இருந்தால் போதாது. 852-லும் முடிந்தால் 898-லும் கை கொடுக்க வேண்டும். லேசருக்கும் ராமன் ஒளிக்கும் ஏறத்தாழ நடுவில், இங்கே 820 பக்கத்தில், அகலமான ஒத்ததிர்வை வைப்பதுதான் நல்ல தொடக்கம்.

படி 2: எந்த வடிவம்?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பின்னால் வரும் பல சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மெட்டாமெட்டீரியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிளவு வளையம், ஒருபக்கம் திறந்த மோதிரம் போன்ற வடிவம். அதன் பிளவில் மின்புலம் குவியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அருகு அகச்சிவப்புக்கும் அதை அவ்வளவு சிறிதாகச் செதுக்குவது கடினம்.

உலோகம், மின்காப்பு, உலோகம் என்ற மூன்றடுக்கு அமைப்பு மிகவும் பிரபலம். கீழே 100 நானோமீட்டர் தங்கக் கண்ணாடி, நடுவில் சில பத்து நானோமீட்டர் அலுமினா அல்லது சிலிக்கா, மேலே தங்க வில்லைகளின் வரிசை. வில்லை ஒளியை வெளியே வீசி இழப்பதும் உலோகம் ஒளியை விழுங்கி இழப்பதும் சமமாக இருந்தால், அந்த அலைநீளத்தில் எதிரொளிப்பு கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். விழுந்த ஒளி முழுவதும் உள்ளே சிக்கிக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த வலுவான மின்புலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வில்லைக்கு அடியில், மின்காப்புக்குள். மூலக்கூறு அங்கே நுழையவே முடியாது. விளிம்பைச் சுற்றிக் கசியும் புலம் மட்டும்தான் நமக்கு மிஞ்சுகிறது. எதிரொளிப்பு நிறமாலையில் ஆழமான பள்ளத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, ராமன் கருவியில் வைத்ததும் ஏமாந்துபோகும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒளியை உறிஞ்சுவது வேறு, மூலக்கூறு நிற்கும் இடத்தில் மின்புலம் இருப்பது வேறு.

இதற்கு எளிய தீர்வு, மேலே ஒற்றை வில்லைக்குப் பதிலாக ஜோடி வில்லைகளை வைப்பது. 10 முதல் 25 நானோமீட்டர் இடைவெளியில் இரண்டு வில்லைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நடுவில் உள்ள இடுக்கு மேலே திறந்திருக்கும். அடியில் உள்ள தங்கக் கண்ணாடி கீழே போகும் ராமன் ஒளியை மேலே திருப்பிவிடும். அதோடு, சிலிக்கான் அடித்தளத்தின் 520 செ.மீ⁻¹ முகடு நிறமாலைக்குள் புகுந்து தொல்லை தராமலும் தடுக்கும். கண்ணாடி மேல் ஜோடி வில்லை, இதுதான் நான் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் வடிவம். ஒரு குறை: ஒளியின் மின்புலம் ஜோடியை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருந்தால்தான் இடுக்கு விழிக்கும்.

வரிசையின் இடைவெளியை, ஒளியின் அலைநீளத்தைச் சுற்றுப்புற ஒளிவிலகல் எண்ணால் வகுத்து வரும் எண்ணுக்குச் சமமாக வைத்தால், வில்லைகள் ஒன்றுக்கொன்று ஒளியைப் பரிமாறி மிகக் கூர்மையான ஒத்ததிர்வு உண்டாகும். இதை வலைப்பின்னல் ஒத்ததிர்வு என்கிறோம். ராமனுக்கு இதில் எச்சரிக்கை தேவை. சில நானோமீட்டர் அகலமே உள்ள ஒத்ததிர்வு லேசரைப் பிடித்தால் ராமன் ஒளியை விட்டுவிடும். மேலும், அது ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து நகரும். அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கும் லென்ஸின் கீழ் அந்தக் கூர்மை கரைந்துபோகும்.

படி 3: கணினியில் சரிபார்த்தல்

மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்த மென்பொருளும் போதும். ஓர் அலகை மட்டும் வரைந்து, பக்கவாட்டில் அது திரும்பத் திரும்ப வருவதாகவும், மேலும் கீழும் ஒளி திரும்பாமல் உறிஞ்சப்படுவதாகவும் எல்லைகளை அமையுங்கள். தங்கத்தின் ஒளியியல் எண்களுக்கு 1972-ல் ஜான்சனும் கிறிஸ்டியும் அளந்தவை இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன.

மூன்று விஷயங்களில் கவனம் வையுங்கள். கூர்முனைகளை அப்படியே விடாதீர்கள். கணினிக்கு முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு பெரிய எண் வரும். கணக்குக்காக இடத்தைக் கூறுபோடும் வலையைச் சிறிதாக்கச் சிறிதாக்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும். உண்மையான வில்லையின் விளிம்பு சில நானோமீட்டர் வளைவோடுதான் இருக்கும், அதை வரைபடத்திலும் கொடுங்கள். இடுக்கில் வலையளவு 1 நானோமீட்டர் அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். பாதியாகக் குறைத்தும் விடை மாறவில்லை என்றால்தான் அதை நம்பலாம். இடுக்கு அரை நானோமீட்டர் அளவுக்குக் குறைந்தால் எலக்ட்ரான்களே தாவத் தொடங்கிவிடும். அங்கே சாதாரணக் கணக்கு செல்லாது.

முடிவைப் படிப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். லேசர் அலைநீளத்தில் மின்புலப் பெருக்கத்தின் வர்க்கத்தையும், ராமன் அலைநீளத்தில் அதே வர்க்கத்தையும் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பெருக்குங்கள். பிறகு உச்சத்தை எடுக்காமல், மூலக்கூறு ஒட்டக்கூடிய உலோகப் பரப்பு முழுவதற்கும் சராசரி எடுங்கள். அந்தச் சராசரிதான் ஆய்வகத்தில் நீங்கள் அளக்கப்போகும் எண்ணோடு ஒப்பிடத் தகுந்தது.

வில்லை விட்டத்தை 80 முதல் 200 நானோமீட்டர் வரை நகர்த்திப் பாருங்கள். உருவாக்கும்போது விட்டம் ஐந்து நானோமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ சராசரி எவ்வளவு மாறுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு வடிவங்களில் ஒன்று அதிகப் பெருக்கம் தந்து, சிறு பிழைக்கே சரிந்துவிடுகிறது என்றால், மற்றதைத் தேர்ந்தெடுங்கள். மாதிரியை நீரில் அளக்கப்போகிறீர்கள் என்றால் சுற்றுப்புறத்தை நீராக வைத்தே கணக்கிடுங்கள். காற்றுக்கு வடிவமைத்த ஒத்ததிர்வு நீரில் சிவப்புப் பக்கம் நன்றாகவே நகர்ந்துவிடும்.

படி 4: உருவாக்குதல்

சிலிக்கான் பலகையைச் சுத்தம் செய்து, 3 முதல் 5 நானோமீட்டர் டைட்டானியம், அதன் மேல் 100 நானோமீட்டர் தங்கம், அதன் மேல் அணு அடுக்குப் படிவு முறையில் அலுமினா. இதுவரை சுலபம். பிறகு எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி, அதாவது எலக்ட்ரான் கற்றையால் வடிவத்தை எழுதும் முறை.

ரெசிஸ்டாக, அதாவது எலக்ட்ரான் பட்ட இடம் மட்டும் கரைந்துபோகும் பூச்சாக, பிஎம்எம்ஏ என்ற பாலிமரைப் பூசி 180 டிகிரி செல்சியஸில் சுடுங்கள். ரெசிஸ்டின் தடிமன், படியவைக்கப்போகும் தங்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வடிவத்தை எழுதிய பிறகு, ஒரு பங்கு மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோனும் மூன்று பங்கு ஐசோபுரொப்பனாலும் கலந்த கரைசலில் ஒரு நிமிடம் கழுவி, ஐசோபுரொப்பனாலில் அலசி உலர்த்துங்கள். சில வினாடி ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுத்தால் துளைகளின் அடியில் தங்கிய மிச்சம் போய்விடும்.

எழுதும்போது ஒரே டோஸை (ரெசிஸ்டில் விழும் எலக்ட்ரான்களின் அளவை) நம்பி முழுப் பலகையையும் எழுதிவிடாதீர்கள். முதலில் சிறு சதுரங்களாக, டோஸைப் படிப்படியாக உயர்த்தி ஒரு சோதனை வரிசை போடுங்கள். டோஸ் கூடினால் வில்லை பெருத்து இடுக்கு அடைபடும். குறைந்தால் இடுக்கு அகலும். வரைபடத்தில் 20 என்று போட்டது தங்கத்தில் 12 ஆகவும் வரலாம், ஒட்டிக்கொண்டும் வரலாம். உங்கள் கருவியில் எந்த டோஸ் எந்த இடுக்கைத் தருகிறது என்ற அட்டவணை ஒன்று கையில் இருந்தால் அடுத்த ஒரு வருட வேலை சுலபமாகும்.

உலோகத்தைத் தெளிப்பு முறையில் படியவைக்காமல் ஆவிப்படிவு முறையில் படியவைப்பது அவசியம். ஆவி நேர்கோட்டில் வந்து விழுவதால் ரெசிஸ்டின் சுவரில் ஒட்டாது. தெளிப்பு முறையில் சுவரிலும் படிந்து, உரிக்கும்போது வில்லையைச் சுற்றி வேலி போல நிற்கும். வினாடிக்கு 0.1 நானோமீட்டர் வேகம் போதும். வில்லைக்கு அடியில் ஒட்டு அடுக்காகக் குரோமியம் போடுவதைத் தவிருங்கள். அது பிளாஸ்மானை நன்றாக மந்தப்படுத்தும். டைட்டானியம் என்றால் 1 அல்லது 2 நானோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் லிஃப்ட்-ஆஃப், அதாவது ரெசிஸ்டைக் கரைத்து அதன் மேலிருக்கும் தங்கத்தை உரித்தெடுப்பது. பலகையை அசிட்டோனில் போட்டுவிட்டுப் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுக்க, விட்டுவிடுங்கள். தங்கத் தகடு தானாகவே சுருங்கி, மேலே எழும்பி, மெல்லிய சருகு போல மிதக்கத் தொடங்கும். பிப்பெட்டால் பக்கவாட்டில் மெதுவாக அசிட்டோனைப் பீய்ச்சினால் மிச்சமும் கழன்று வரும். மீயொலித் தொட்டியைக் கடைசி வழியாக மட்டும், சில வினாடிகளுக்கு மட்டும் வையுங்கள். அசிட்டோன் உலரும் முன் ஐசோபுரொப்பனாலுக்கு மாற்றுங்கள். பலகை ஒருமுறை உலர்ந்துவிட்டால் மிதந்த துணுக்குகள் திரும்பப் படிந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எதுவும் அவற்றை எடுக்காது.

பெரிய பரப்பு வேண்டும் என்றால் எலக்ட்ரான் கற்றை கட்டுப்படியாகாது. நானோ அச்சுப் பதிப்பு முறையில் ஒரு அச்சைச் செய்துகொண்டு பல பலகைகள் எடுக்கலாம். நானோகோளங்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி அதன் மேல் உலோகம் பூசுவது எல்லாவற்றிலும் எளிது. ஆனால் ஒழுங்காக அடுக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 2008-ல் டிளாட் குழுவினர் வெள்ளி பூசிய நானோகோள அடுக்கு ஒன்றில் பெருக்கம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று அளந்தார்கள். நூறு கோடி மடங்குக்கு மேல் பெருக்கம் தரும் இடங்கள் பத்து லட்சத்துக்கு 63 மட்டுமே. ஆனால் மொத்த சிக்னலில் 24 சதவீதம் அந்த 63 இடங்களிலிருந்து வந்தது. கோளங்களின் வரிசை ஒழுங்காக இருந்தாலும், இடுக்குகளின் அளவு நம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஒரு சில இடங்களே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

படி 5: மூலக்கூறைத் தொடும் முன் பரப்பைப் பாருங்கள்

முதலில் சாதாரண நுண்ணோக்கி. 50 மைக்ரான் சதுரமாக எழுதிய வரிசை, தங்கத் தரையின் நடுவே வேறு நிறத்தில் தெரியும். அந்தச் சதுரத்தை நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில், குறிப்பாக நான்கு மூலைகளிலும், சற்று வேறு நிறமும் தெரிகிறதா? அடித்தளத்தில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்கள் நடுவில் இருக்கும் வில்லைகளுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் கூடுதல் டோஸ் கொடுக்கின்றன. மூலையில் இருப்பவற்றுக்குக் கால் பங்குதான் கிடைக்கிறது. அதனால் மூலை வில்லைகள் சிறுத்துப்போகும். அந்த நிற வேறுபாடு, பின்னால் ராமன் வரைபடத்தில் வரப்போகும் சீரின்மையை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. எழுதும் மென்பொருளில் அருகாமைத் திருத்தத்தைச் சேர்த்து மறுபடி எழுதுங்கள், அல்லது ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியில் மட்டும் அளவெடுங்கள்.

பிறகு எதிரொளிப்பு நிறமாலை எடுத்துக் கணினி முடிவோடு ஒப்பிடுங்கள். நிறமாலையில் காணும் பள்ளத்தைவிட, பரப்பில் மின்புலம் உச்சமாகும் அலைநீளம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கும். அதையும் மனதில் வையுங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்தான், ஆனால் அதே சதுரத்தை அல்ல. எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் கார்பன் படலம் படியும். இடுக்கு என்ற மிகச் சின்ன, மிக முக்கியமான இடத்தில்தான் அது முதலில் போய் அமரும். ஒரே பலகையில் ஒரே டோஸில் இரட்டைச் சதுரங்கள் எழுதி, ஒன்றைப் படமெடுக்கவும் இன்னொன்றை ராமனுக்கும் என்று ஒதுக்கிவிடுவது நல்ல பழக்கம்.

படி 6: சோதனை மூலக்கூறு

பெருக்கத்தை அளக்க, தங்கத்தில் ஒற்றை அடுக்காக ஒட்டும், லேசர் ஒளியை நேரடியாக உறிஞ்சாத மூலக்கூறு தேவை. தயோஃபீனால் அதற்கு மிகவும் பொருத்தம். ரோடமைன் 6ஜி போன்ற சாயங்களை 532 லேசரோடு பயன்படுத்தினால் சாயத்தின் சொந்த ஒத்ததிர்வும் சேர்ந்துகொண்டு, எது பரப்பின் பங்கு, எது சாயத்தின் பங்கு என்று பிரிக்க முடியாமல் போகும்.

எத்தனாலில் 1 மில்லிமோலார் கரைசல் தயாரித்து, பலகையை ஓர் இரவு ஊறவைத்து, தூய எத்தனாலில் நன்றாக அலசி, நைட்ரஜனால் உலர்த்துங்கள். தயோஃபீனாலின் நாற்றம் சகிக்க முடியாதது, அது நச்சும்கூட. காற்று இழுக்கும் பெட்டிக்கு வெளியே குப்பியைத் திறக்கவே கூடாது. தொட்ட கையுறையையும் உள்ளேயே மூடி அப்புறப்படுத்துங்கள்.

அமினோதயோஃபீனாலையும் சிலர் பயன்படுத்துவதுண்டு. பிளாஸ்மான் பரப்பில் லேசர் பட்டால் அது இரண்டிரண்டாகச் சேர்ந்து வேறு மூலக்கூறாகிவிடும். 1140, 1390, 1432 பக்கம் புதிய முகடுகள் வரும். பெருக்கக் கணக்குக்கு அதை எடுக்க வேண்டாம்.

படி 7: அளவீடு

முதல் வேலை, சிலிக்கானின் 520.7 செ.மீ⁻¹ முகட்டை வைத்துக் கருவியைச் சரிசெய்வது. அடுத்தது வெற்றுப் பலகை, மூலக்கூறு இல்லாத அதே மெட்டாபரப்பு. அதில் ஏதாவது முகடு வந்தால் அது அழுக்கு. 1350, 1580 பக்கம் இரண்டு அகன்ற மேடுகள் தெரிந்து, வினாடிக்கு வினாடி துள்ளிக்கொண்டிருந்தால் அது கார்பன். ஒரு முறை நான் அந்த 1580 மேட்டை மூலக்கூறின் வளைய அதிர்வு என்று எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதன் பின்னாலேயே போனேன். வெற்றுப் பலகையை அன்றே அளந்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

லேசர் திறனை 0.1 மில்லிவாட்டில் தொடங்குங்கள். குறைவாகத் தோன்றும், ஆனால் ஒரு மைக்ரான் புள்ளியில் குவித்து, இடுக்கில் அதை மேலும் பெருக்கினால் மூலக்கூறைக் கருக்க அது தாராளமாகப் போதும். திறனை இரட்டிப்பாக்கினால் சிக்னலும் இரட்டிப்பாக வேண்டும். பழைய திறனுக்குத் திரும்பினால் பழைய சிக்னலே வர வேண்டும். இரண்டில் எது தவறினாலும் மூலக்கூறோ இடுக்கோ சிதைந்துவிட்டது என்று பொருள்.

மூலக்கூறு உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்பதை நிறமாலையே சொல்லும். திரவ தயோஃபீனாலில் 2567 பக்கம் கந்தக-ஹைட்ரஜன் அதிர்வு தெரியும். தங்கத்தோடு பிணைந்ததும் ஹைட்ரஜன் போய்விடுவதால் அது மறைந்துவிடும். 1092 பக்கம் இருந்த முகடும் 1074-க்கு நகரும். இந்த இரண்டையும் பார்த்தால் ஒற்றை அடுக்கு சரியாக அமைந்திருக்கிறது என்று நம்பலாம்.

பிறகு அரை-அலைத் தகட்டால் லேசரின் முனைவாக்கத்தைச் சுழற்றுங்கள். ஜோடிக் கோட்டுக்கு இணையாக இருக்கும்போது ஏறி, செங்குத்தாகும்போது இறங்க வேண்டும். அப்படி நடந்தால் சிக்னல் நாம் வடிவமைத்த இடுக்கிலிருந்துதான் வருகிறது. மாறவே இல்லை என்றால் அது தங்கத்தின் சொரசொரப்பிலிருந்து தற்செயலாக வரும் சிக்னல். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை மெட்டாபரப்பின் கணக்கில் சேர்க்க முடியாது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்தான் ஆகும், ஆனால் இதைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை.

படி 8: பெருக்கக் காரணியைக் கணக்கிடுதல்

ஒரு மூலக்கூறுக்கு மெட்டாபரப்பில் கிடைக்கும் சிக்னலை, ஒரு மூலக்கூறுக்குத் திரவத்தில் கிடைக்கும் சிக்னலால் வகுக்க வேண்டும். இரண்டும் ஒரே லேசர், ஒரே லென்ஸ், ஒரு மில்லிவாட்டுக்கு, ஒரு வினாடிக்கு என்று சமப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மெட்டாபரப்பில் 0.1 மில்லிவாட்டில் வினாடிக்கு 500 எண்ணிக்கை. அதாவது மில்லிவாட்டுக்கு 5000. தூய தயோஃபீனாலில் 10 மில்லிவாட்டில் 1000, மில்லிவாட்டுக்கு 100. விகிதம் 50.

இனி மூலக்கூறுகளை எண்ண வேண்டும். தயோஃபீனாலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.073 கிராம், மூலக்கூறு எடை 110.2. ஆக ஒரு கன மைக்ரானில் 5.9 × 10⁹ மூலக்கூறுகள். லேசர் புள்ளியின் பரப்பு 1 சதுர மைக்ரான், கருவி ஒளியைச் சேகரிக்கும் ஆழம் 10 மைக்ரான் என்றால் மொத்தம் 5.9 × 10¹⁰. மெட்டாபரப்பில், தங்கத்தின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6.8 × 10¹⁴ மூலக்கூறுகள் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. ஒரு சதுர மைக்ரானுக்கு 6.8 × 10⁶. பக்கச்சுவர்களையும் சேர்த்து வில்லைகளின் தங்கப் பரப்பு புள்ளியில் 0.2 பங்கு என்றால் 1.4 × 10⁶ மூலக்கூறுகள். தரையிலுள்ள தங்கக் கண்ணாடியை அலுமினா மூடியிருப்பதால் அது கணக்கில் வராது. 50-ஐ 5.9 × 10¹⁰-ஆல் பெருக்கி 1.4 × 10⁶-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.1 × 10⁶. இருபத்தொரு லட்சம் மடங்கு.

இதில் பிழை அதிகம் நுழையும் இடம் அந்த 10 மைக்ரான் ஆழம். அதை ஊகிக்காதீர்கள். சிலிக்கான் துண்டை லென்ஸின் குவியத்துக்கு மேலும் கீழும் சிறு படிகளில் நகர்த்தி, 520.7 முகட்டின் பரப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து எடுங்கள். இன்னொன்று, இடுக்கில் இருக்கும் மூலக்கூறுகளை மட்டும் எண்ணி வகுத்தால் காரணி நூறு மடங்கு பெரிதாகத் தெரியும். அப்படிக் கணக்கிடுவதில் தவறில்லை, ஆனால் எந்த மூலக்கூறுகளை எண்ணினீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்ட எண்ணை யாரும் வேறொன்றோடு ஒப்பிட முடியாது.

படி 9: வரைபடம் எடுங்கள்

பத்துக்குப் பத்து, நூறு புள்ளிகளிலாவது 1074 முகட்டின் உயரத்தை அளந்து வரைபடமாக்குங்கள். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக எழுதுங்கள். பத்துக்குக் கீழே வந்தால் பலகை நன்றாக இருக்கிறது. இன்னொரு நாள் செய்த இன்னொரு பலகையிலும் அதே எண் வந்தால் செய்முறையும் நன்றாக இருக்கிறது. இருபது லட்சம் மடங்கும் எட்டு சதவீத விலகலும் உள்ள பரப்பு, இருபது கோடி மடங்கும் அறுபது சதவீத விலகலும் உள்ளதைவிட அளவீட்டுக்கு எவ்வளவோ மேல்.

உண்மையான மாதிரிக்குப் போகும்போது

தயோஃபீனால் போன்ற தயோல் (கந்தக-ஹைட்ரஜன் முனையுள்ள மூலக்கூறு) தங்கத்தைத் தானாகவே தேடி ஒட்டும். நீங்கள் தேடும் மூலக்கூறு அப்படி ஒட்டும் என்று சொல்ல முடியாது. ஒட்டாத மூலக்கூறுக்கு, அதைப் பிடித்துவைக்கும் இன்னொரு மெல்லிய அடுக்கைப் பரப்பில் கட்ட வேண்டும். அது தடிமனாகிவிட்டால் மூலக்கூறு மின்புலத்துக்கு வெளியே நின்றுவிடும். முன்பு சொன்ன ஒன்பதில் ஒரு பங்குக் கணக்கை நினைவில் வையுங்கள்.

துளி விட்டு உலர்த்துவதைத் தவிருங்கள். துளி காயும்போது கரைந்த பொருளெல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வளையமாகப் படியும். பரப்பு எவ்வளவு சீராக இருந்தாலும் வரைபடம் கோணலாகத்தான் வரும். பலகையை முழுதாக ஊறவைத்து, குறித்த நேரத்தில் எடுத்து, அலசி அளவெடுப்பது மேல். செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒட்டும் இடமெல்லாம் நிரம்பி சிக்னல் தட்டையாகிவிடும் என்பதால், செறிவையும் சிக்னலையும் இணைக்கும் அளவுகோல் வரைபடத்தை அந்த இடத்துக்குக் கீழேயே வரையுங்கள்.

ஒவ்வொரு பலகையிலும் ஒரு சதுரத்தை மாதிரி எதுவும் படாமல் ஒதுக்கி, நைட்ரஜன் நிரப்பிய பெட்டியில் வைத்துப் பாதுகாக்கலாம். ஒரு மாதம் கழித்து அதில் தயோஃபீனால் பூசி அளந்தால், பலகை எவ்வளவு பழசாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.